வெள்ளை வண்டியின் இரண்டாவது ஃபில்டர்

ஃபைவ்மைல் பண்ணை
மார்ச் 1, ஞாயிறு

அன்பு மகள் டார்சிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ இருக்கும் ஷெட்லாந்தில் இன்னும் பனியும் காற்றும்தான் என்று அம்மா சொன்னாள், படகு இஞ்சின் அறையிலிருந்து வேர்த்த உடம்போடு அப்படியே வெளியே வராதே, நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். இங்கே மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. கிழக்குப் பக்கத்து மாடுகளைப் பூராவும் லாரி ஏற்றி அனுப்பியாகிவிட்டது. உன் கிழட்டு நாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் சாப்பிடுகிறது.

லெஸ் சித்தப்பா செத்ததிலிருந்து நீ மூன்று தடவை போனில் அம்மாவிடம் கேட்டுவிட்டாய், வெள்ளை வண்டிக்குக் கூடுதலாக அந்த இரண்டாவது டீசல் ஃபில்டரை ஜூலையில் வந்தபோது நான்தானே மாட்டினேன், அதில்தான் கோளாறா என்று. மூன்று தடவையும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், எழுந்து வந்து போனை வாங்கவில்லை. நீ அங்கே தூங்குவதே இல்லையாம் என்று அம்மா சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, என் வாயை மூடிக்கொண்டு உன்னை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று. அதனால் முதலில் இதைப் படித்துக்கொள், உன் பேரில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது.

நீ மாட்டினதை மறுநாளே நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். டாங்கியிலிருந்து வரும் பக்கம், இஞ்சினுக்குப் போகும் பக்கம், குழாய் கிளிப், போல்ட், எல்லாம் சரி, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நவம்பரில் புழுதிக்காற்று அடித்த வாரம் டீசலில் தண்ணீர் இருக்கிறதென்று சிவப்பு விளக்கு எரிந்தது, அடியிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, நீ மாட்டின ஃபில்டரைக் கழற்றி அந்த இடத்தில் புதுசை நான் மாட்டினேன். மாட்டு லாரி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கசியாமல் அடைக்கும் ரப்பர் ரிங் பழைய ஃபில்டரோடு வரவில்லை, மேலே ஃபில்டர் உட்காரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் டார்ச் அடித்தும் பார்க்கவில்லை, விரலை விட்டுத் தடவியும் பார்க்கவில்லை. அதன் மேலேயே புது ரிங்கோடு முறுக்கி ஏற்றிவிட்டு, ஃபில்டர் மேல் தேதியையும் எழுதிவிட்டுப் போனேன். இரண்டு மாதம் ஒன்றும் தெரியாமல் ஓடியது. அப்புறம் அந்தக் குலுங்குப் பாதையில் அடிபட்டு அடிபட்டு ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த ரிங் நழுவிவிட்டது, அந்த இடுக்கு வழியாக இஞ்சின் டீசலுக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது.

ஜனவரி பதினாலு, செவ்வாய்க்கிழமை, இங்கே நடுக்கோடை, வெயில் நாற்பத்தாறு டிகிரி. ஒன்பதாம் போர்வெல் பம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லெஸ் கிளம்பினான். சாட்டிலைட் போன் என் வண்டியில் இருந்தது, கொடுக்கத் தோன்றவில்லை. அவன் அங்கேயே ஒரு ராத்திரி தங்கிவிடுவதும் உண்டு என்பதால் புதன்கிழமையும் நாங்கள் தேடவில்லை. வியாழன் காலையில் நான்தான் கண்டுபிடித்தேன், பாதி வழியில் வண்டி நிற்கிறது, பானெட் திறந்திருக்கிறது, முன் சக்கரத்தில் சாய்ந்தபடி கிடக்கிறான். கேனில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது டார்சி. தாகத்தில் சாகவில்லை, அந்த வெயிலில் இஞ்சினுக்குள் தலையை விட்டு விடாமல் வேலை பார்த்துத்தான் செத்தான் என்று டாக்டர் சொன்னார். இஞ்சினோடு வந்த முதல் ஃபில்டர்தான் அடைத்திருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றி, கையிலிருந்த புதுசைச் சுத்தமாக மாட்டியிருந்தான். டீசல் ஏற்றும் கைப்பம்பை அடித்து அடித்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அடித்தால் இஞ்சின் பிடிக்கும், நூறடி ஓடும், மறுபடி நிற்கும். மண்ணில் தடம் அப்படித்தான் இருந்தது. நான் மாட்டின அந்த இரண்டாவது ஃபில்டரை அவன் தொடவே இல்லை. அண்ணன் மாட்டினது, இரண்டு மாதம்தான் ஆகிறது, அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ரிங் இருந்தது. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன். கான்ஸ்டபிள் புரூயிட் அழுக்கு டீசல் என்று எழுதிக்கொண்டார். அதன்பிறகு ஊர்க் கடையில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், லெஸ்ஸுக்கு எப்பவும் அவசரம்தான், பழைய ட்ரம்மிலேர்ந்து வடிகட்டாம ஊத்திருப்பான், தன் சாவைத் தானே தேடிக்கிட்டான் என்று. ரொட்டி வாங்க வந்த கோரல் சித்தியின் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள், நானும் அங்கே நின்றிருந்தேன். அவள், அவர் அப்படி ஊத்துற ஆள் இல்ல, நீங்களே சொல்லுங்க அத்தான் என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் அந்த ரிங்கை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு என்று மட்டும் கேட்டாள். முப்பத்தாறு நாள் என்றேன். அப்புறம், கை தவறுறது எல்லாருக்கும் நடக்கும் அத்தான், அதை நான் எப்படியாவது விழுங்கிடுவேன், ஆனா செத்தவர் மேல பழி போட்டுப் பேசினப்போ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க பாருங்க, அது என் தொண்டையிலயே நிக்குது என்றாள். எங்கே அவர் பேரைக் கெடுத்தாங்களோ அங்கேயே போய்ச் சொல்லுங்க என்றாள். போனேன். புரூயிட் மறுபடி எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார், மேலே அனுப்புவார்கள், என்ன வந்தாலும் வரட்டும். கடையிலும் சொன்னேன். கல்லாவில் இருந்த கடைக்காரி டாட், இதைச் சொல்ல இவ்வளவு நாளா மெர்வ் என்றாள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

கோரல் தூவும்பா ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுகிறாள். நேற்றுக் காலை தன் வண்டியை நம் பண்ணைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள், பின்னால் பூராவும் சாமான். இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டு, ஃபில்டர் மாத்தணும், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் போகணும் என்றாள். வேறு மெக்கானிக் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். அதனால் வந்தாளா வேறு எதனாலாவது வந்தாளா எனக்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும்வரை பக்கத்திலேயே நின்று டார்ச் அடித்தாள். பழைய ரிங் எங்கே, காட்டுங்க என்றாள். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். குனிந்து மேலேயும் பார்த்துவிட்டு, சரி, மாட்டுங்க என்றாள். புது ரிங்கில் டீசல் தடவி மெல்ல முறுக்கி ஏற்றினேன், அவள் அவசரப்படுத்தவில்லை. இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விட்டுக் கேட்டோம். அப்புறம் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டாள். கேட்டைத் தாண்டும்போது, எதிரில் வரும் எந்த வண்டிக்காரருக்கும் நாம் வணக்கமாகச் செய்வதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினாள்.

நீ தூங்கு மகளே. வேளைக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் குளிர்ந்த இரும்பைத் தொடாதே. கடவுள் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் பண்ணு, இந்தத் தடவை நான் போன் இருக்கும் அறையிலேயே இருப்பேன். என்னோடு பேச உனக்கு மனசில்லை என்றால் அதையும் என்னிடமே சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
மெர்வ்