அமைதி என்று குறித்த எலிகள்

அன்புள்ள வாலுத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டு எப்போதும் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இந்த முறை உன் நலம் எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். போனில் சொன்னால் "சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். துறைத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று பேச்சு. மூளை மருந்து ஆராய்ச்சியில் பதினாறு வருடம் மாடாய் உழைத்ததற்கு இரண்டு ஜன்னல் வைத்த அறை கிடைக்குமாம்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது என்ன செய்தாய் என்று போன வாரம் கேட்டேன். "துணி மடிச்சிட்டிருந்தேன். போனை வச்சிட்டு மீதியையும் மடிச்சேன்க்கா. அழுகையே வரலை. உன் மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாய். பாராட்டாகத்தான் சொன்னாய். உன் பதற்றத்துக்கு அந்த மாத்திரையைச் சாப்பிடச் சொன்னவள் நான். அதை முதலில் எலிகளிடம் சோதித்தவளும் நான்.

மறுநாள் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். மருந்து கொடுத்த எலி வெளிச்சத்துக்குப் பயந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால் 'அமைதி' என்று குறிப்போம். கூண்டில் சாதாரணத் தண்ணீரோடு சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். எவ்வளவு குடித்தது என்று தினமும் எடைபோடுவோம். அந்த எலிகளின் சர்க்கரைப் பாட்டில்களில் எடை குறையவே இல்லை. சர்க்கரையை எலி விடுமா? குழாய் அடைத்திருக்கும் என்று நானே எழுதி, அந்த அளவுகளை நானே ஒதுக்கியிருக்கிறேன். முப்பத்திரண்டு பாட்டிலும் அடைக்குமா? அவை அமைதியாக இல்லை, வாலு. அவற்றுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

படித்துவிட்டு டீ குடித்தேன். அந்தச் சோதனையை வைத்து நான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். "பதவி வர்ற நேரத்துல உனக்கென்ன பைத்தியமா?" என்றார் உன் அத்தான். அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே, அது ஆபத்து. டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும். குறையக் குறைய, அப்பா இல்லை என்பது உனக்கு உறைக்கும். அப்போது தனியாக இருக்காதே, என்னைக் கூப்பிடு. திட்டத் தோன்றினால் வாய் நிறையத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உனக்குச் சீக்கிரம் அழுகை வரட்டும்.

உன்
அக்கா