பகலில் எரியும் பல்பு

மும்முனை மின்சாரத்தின் முடிசூடா மன்னனே, ஒரு மாந்தோப்புக்கும் ஒரு போர் மோட்டாருக்கும் ஏகச் சக்கரவர்த்தியே, என் தங்கையைக் கட்டிய ஒரே குற்றத்துக்காக ஆயுசு முழுக்க என் வாயில் மாட்டி அவதிப்பட்ட மாப்பிள்ளை முருகேசா,

நலமா என்று கேட்க முடியாது. அங்கே கரெண்ட் எப்படி, அதை மட்டும் சொல். எமலோகத்திலும் ஷிப்டு முறைதானா?

இங்கே எல்லாம் தலைகீழ். திருப்பதியில் மலைக்குப் போகும் பஸ் பேட்டரியில் ஓடுகிறது. துளி சத்தம் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் கோவிந்தா போட்டால்தான் வண்டி வருவதே தெரிகிறது. ஊரே வாயைப் பிளக்கிறது. எனக்குத்தான் எதிலும் ஆச்சரியம் வர மாட்டேன் என்கிறது. அலுத்துவிட்டேன், மாப்பிள்ளை.

இன்னொன்று கேள். மோட்டார் கரெண்ட் இப்போது பகலில் வருகிறது. காலையில் வந்து சாயந்திரம் போகிறது, கவர்மெண்டு உத்தியோகஸ்தர் மாதிரி. உன் காலத்தில் அந்த மகாராணி ஊர் உறங்கிய பிறகல்லவா எழுந்தருளுவாள்? கொஞ்சம் முன்னாலேயே பகலுக்கு மாறியிருக்கக் கூடாதா என்று யாரைப் போய்க் கேட்பது?

நினைவிருக்கிறதா? கரெண்ட் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரை ஊரில் எல்லாரும் மாட்டிவைத்தோம். வந்த நொடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகத் துள்ளின. டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்தில் சென்னையில் பாதிப் பேர் தீபாவளி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். கருகியதை டிராக்டரில் ஏற்றி, உற்சவ மூர்த்தி போலச் சித்தூருக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்ததும் கெங்கம்மா கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம்: இனி ஆட்டோ கிடையாது, அவரவர் நேரில் போய் ஒருவர் பின் ஒருவராகத்தான் மோட்டார் போடுவது. கற்பூர வாசனை போவதற்குள் ஆட்டோக்கள் திரும்பி வந்துவிட்டன. சத்தியத்தைக் காப்பாற்றிய ஒரே பைத்தியம் நீ.

வாசலில் ஒரு பல்பு கட்டினாய். மோட்டார் கரெண்ட் வந்தால் அது எரியும். எரிந்தால் நீ எழுந்து டார்ச்சோடு நடப்பாய். அப்படி நடந்த ஒரு ராத்திரி, மோட்டார் கொட்டாயில் பாம்பை மிதித்தாய். நீ போட்ட மோட்டார் மட்டும் விடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பல்பை என் தங்கச்சி செல்வி கழற்ற விடவில்லை. இப்போது பட்டப்பகலில் எரிகிறது. வெயிலில் அது எரிவது யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரிகிறது. கைவேலையை விட்டு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள்.

போன மாதம் உன் மகன் தினேஷ் பெங்களூரிலிருந்து போன் போட்டான். "மாமா, மாங்கா வித்து இனிமே ஒண்ணும் ஆவாது. சோலார் கம்பெனிக்காரங்க தோப்ப லீசுக்குக் கேக்கறாங்க. அம்மாகிட்ட நீதான் பேசணும். நைனா பேச்ச எடுத்தாலே அம்மா எழுந்து போய்டுது."

"ஏண்டா, நான் இன்னா தூதுப் புறாவா?" என்றேன். ஆனாலும் பறந்துதான் போனேன், முழங்கால் வலியோடு.

கம்பெனி ஆளும் வந்தான். பாதி தெலுங்கு, பாதி தமிழ். மெகாவாட், கார்பன், பூமியின் எதிர்காலம் என்று பொழிந்துகொண்டே இருந்தான். செல்வி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சட்டசபையே எழுந்து கைதட்டும்படி நான் ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் வாய் திறந்தாள்.

"தம்பி, ராத்திரில யாராச்சும் போய் சுச்சு போடணுமா இதுக்கு?"

"லேதம்மா! வெயில் போச்சுனா அதுவும் படுத்துக்கும்."

"யாருமே போவ வேணாமா?"

"யாரும் வேணாம்மா."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "குடுத்துடலாம்ணா."

"மரத்தையெல்லாம் வெட்டிடுவாங்களேம்மா" என்று பதறியது யார் தெரியுமா? சம்மதம் வாங்கப் போன இந்த மகா தூதன்தான்.

"வெட்டட்டும். அதுங்களுக்குத் தண்ணி உடத்தானே எழுந்து எழுந்து போய்க்கினு இருந்தாரு."

நீ நட்ட மரங்கள், மாப்பிள்ளை. உனக்குச் சம்மதமா? கோபித்துக்கொள்வாயா, சிரிப்பாயா?

அடுத்த வாரம் மோட்டார் லைனைப் பிடுங்குகிறார்கள். பல்பும் அதோடு சரி. நேற்று செல்வி போனில் சொன்னாள்: "அன்னிக்கு நீ வந்துடுண்ணா. அது அவிஞ்சி போறத நான் தனியா பாக்க மாட்டேன்."

போகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பல்பு அணையும்வரை, அணைந்த பிறகும், அவளாகப் பேசும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன். என்னைப் போன்றவன் கொடுக்கிற வாக்கா இது என்று நீ சிரிப்பாய். கற்பூரம் அடிக்கவில்லை. ஆனாலும் காப்பாற்றுவேன்.

இப்படிக்கு,
உன் செல்வியின் அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கோதண்டம்