வெட்டிய தகடு

பிப்ரவரி 3

அம்மா கூடத்தில் அக்காவின் புகைப்படத்தை மாட்டிவிட்டாள். புதிய போர்க்கப்பலுக்கு முதல் இரும்புத் தகடு வெட்டும் விழா. மஞ்சள் தலைக்கவசத்தில் அக்கா, பக்கத்தில் அமைச்சர், பின்னால் கைதட்டும் கூட்டம். கப்பல் கட்டும் தளத்தில் அவள் பொறியாளர். இந்தக் கப்பலே அவள் பொறுப்புதான். படத்துக்கு இடம் வேண்டுமென்று என் புத்தக அலமாரியைக் கதவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

ஆய்வு மையத்தில் உட்கார்ந்து நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பது இந்த விழாவுக்கு எதிராகத்தான். வரைபடம் முழுதாக முடியும் முன் தகட்டை வெட்டக் கூடாது. அவ்வளவே. ஆனால் அமைச்சருக்கு விழா வேண்டும். தளத்துக்கு வேலை தொடங்கியதாகக் காட்ட வேண்டும். கடற்படைக்கோ நடுவில் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். போன கப்பலில் சமையலறையை இரண்டு தடவை பெயர்த்தெடுத்தார்கள். சுவர் எழுப்பி முடித்த பிறகு வந்த வரைபடம், அந்தச் சுவர் வழியாகவே குழாயைக் கொண்டுபோயிருந்தது.

அம்மாவிடம் விளக்கினேன். "அவ கட்டறா, நீ குத்தம் சொல்றே. ரெண்டுக்கும் ஆள் வேணும்தான், விடு" என்றாள்.

பிப்ரவரி 5

இது பொறாமை இல்லை. கொள்கை வேறுபாடு.

பிப்ரவரி 6

பொறாமைதான்.

பிப்ரவரி 14

கடற்படைக்குக் கப்பல் வாங்கும் விதிகளைத் திருத்துவது பற்றி நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்கிறது. தையல் கடைக்கு மேல் நான்கு மேசைகளோடு இருக்கும் எங்கள் ஆய்வு மையத்தையும் அழைத்திருக்கிறது! இயக்குநர் என்னையே பேசச் சொல்லிவிட்டார். வரும் வழியில் பேருந்து நடத்துனரிடம்கூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால், அக்கா முந்திவிட்டாள். தளத்தின் சார்பில் அவளும் பேசுகிறாளாம். அவள் என்ன உடுத்துவது என்பதுவரை அம்மா போய்விட்டிருந்தாள். நானும் போகிறேன் என்றேன்.

"நீயுமா?"

அந்த 'உம்'மில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

பிப்ரவரி 20

துணி மடிக்கும்போது அக்காவிடம் நேராகவே கேட்டேன், வரைபடம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று. அது ஆபீஸ் விஷயம் என்றாள். கொஞ்சம் கழித்து அவளே தொடங்கினாள்.

"வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் வெல்டருங்க என்னடி பண்ணுவாங்க? வேலை இல்லேன்னா வேற ஊருக்குப் போயிடுவாங்க. மறுபடி ஆளைப் பழக்கிறது நீ கட்டுரை எழுதற மாதிரியா?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு. கப்பலை ஒவ்வொன்றாக வாங்காமல் வரிசையாக வாங்க வேண்டும். அடுத்ததை வரைந்துகொண்டிருக்கும்போது வெல்டர்கள் முந்தியதைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சொல்லவில்லை. குழுவின் முன் இதையே அவள் கேட்கட்டும், அங்கே மடக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4

நான் முதலில் பேசினேன். ஓர் உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்; முடிக்கும்வரை துடைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் தலைவர். எழுதியிருக்கிறேனாம். பேசிக்கொண்டல்லவா இருந்தேன்? வெல்டர்கள் பேச்சே எழவில்லை. பதிலோடு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அக்கா. தகடு வெட்டிய அன்று வரைபடம் எவ்வளவு முடிந்திருந்தது என்று தலைவர் கேட்டார். தள நிர்வாகி இருமினார்.

"பாதிகூட இல்லைங்க" என்றாள் அக்கா. "அன்னிக்கு வெட்டின தகடு அந்தக் கப்பல்லயே இல்லை. அளவு மாறிப்போச்சு. பழைய இரும்போட கிடக்கு."

அத்தனை பேரும் பேனாவை எடுத்தார்கள்.

நான் சொல்லவந்ததெல்லாம் ஒரே மூச்சில். சந்தோஷப்பட வேண்டியவள் நான். — இதிலுமா முந்த வேண்டும்? என் பக்கத்து நியாயத்தைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாளா?

மார்ச் 5

தொலைக்காட்சியில் அக்கா. அவளுக்குப் பின்னால் தெரியும் இடது தோள் என்னுடையது.

மார்ச் 11

அவளைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி உதிரிபாகக் கிடங்கு. அம்மா தளத்து நிர்வாகியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அக்கா தலைக்கவசத்தைத் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"கேட்டாங்க. உன்னை மாதிரி பக்கம் பக்கமா எழுத எனக்கு வந்திருந்தா, சுத்தி வளைச்சிருப்பேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கப்பலை இழந்தவள்மேல் பொறாமைப்படுவதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா? எதிலும் படித்ததில்லை.

ஏப்ரல் 22

குழுவின் அறிக்கை வந்துவிட்டது. வரைபடம் முழுதாக முடியும் முன் தகட்டை வெட்டக் கூடாது — என் வாக்கியம், ஒரு சொல்கூட மாறவில்லை. கீழே: 'தளப் பொறியாளர் கூறியவாறு.'

வரிசையாக வாங்குவது பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? நான்தானே பொத்திவைத்தேன். இந்த விதி மட்டும் வந்தால் வெல்டர்கள் நிற்பார்கள். அக்கா சொன்னதுதான் நடக்கும்.

ஏப்ரல் 23

அவளிடம் சொன்னேன், அன்றே பதில் வைத்திருந்ததையும் சேர்த்து.

"அடிப்பாவி" என்றாள். பிறகு, "குழு மறுபடி எப்ப கூடுது?"

மே 16

நாளை குழு மறுபடி கூடுகிறது, அறிக்கைமேல் கருத்துக் கேட்க. வெல்டர்கள் சங்கம் தன் சார்பில் அக்காவைப் பேச அழைத்திருக்கிறது. இயக்குநர் என்னையும் பேசச் சொன்னார். வேண்டாமென்றேன். அவர்கள் பேனாவை எடுப்பது அவளுக்குத்தான். எழுதும்போதும் வயிறு எரிகிறது.

வரிசையாக வாங்குவது பற்றி அவள் பேசப்போகும் பேச்சை நான் எழுதினேன். குட்டி வாக்கியங்கள், சுற்றி வளைக்காமல். சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினேன்.

"அட, நான் பேசற மாதிரியே இருக்கே" என்றாள்.

இருக்கும். சின்ன வயதிலிருந்தே கண்ணாடி முன் நின்று அவளைப் போலத்தான் பேசிப் பார்த்திருக்கிறேன்.