சயாமுக்குப் போகும் ரப்பர் கொட்டைகள்

திகாம் பத்து,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, 1944

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

மகள் பிரேமாவதி பணிவோடு எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். அம்மா எழுதச் சொன்னதை எழுதுவேன். எழுத வேண்டாம் என்று சொன்னதிலும் உங்களுக்குத் தெரிய வேண்டியதை எழுதிவிடுவேன்.

இதைக் கொண்டுவருபவர் நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மணியம் அவர்கள். ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடும் முகாம்களில் நோயாளிகளைப் பார்க்க அவரையும் சயாமுக்கு அனுப்புகிறார்கள். நாளைக் காலை ரயிலில் புறப்படுகிறார். போகும் முகாமில் எல்லாம் உங்கள் பெயரைச் சொல்லி விசாரிப்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உங்களோடு வந்த அம்மாசி மாமா காலில் புண்ணோடு திரும்பி வந்துவிட்டார். வேட்டிக் கதையை அவர்தான் சொன்னார். நீங்கள் கிளம்பிய அன்று அம்மா உங்கள் வேட்டிக் கரையை மடித்து, உள்ளே நோட்டுகளை வைத்துத் தைத்துக் கொடுத்தார் அல்லவா? முகாமில் இறங்கியதும் பேன் சாக எல்லார் துணியையும் வாங்கி டிரம்மில் போட்டு வேகவைத்துவிட்டார்களாமே. நம் லயத்து வீடுகளிலிருந்து போன ஆண்கள் அத்தனை பேரும் வேட்டிக் கரையில்தான் பணம் வைத்திருந்தார்களாம். ஒரு வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு வீடு, எல்லாரும் ஒரே இடத்தில். துணி திரும்பி வந்தபோது கரைக்குள் கஞ்சிதான் இருந்தது என்று சொல்லி மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இனிமேல் காகிதம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மாமா இன்னொன்றும் சொன்னார். வேலி ஓரமாகச் சயாம் பெண்கள் வாத்து முட்டையும் பழமும் கொண்டுவந்து விற்கிறார்களாம். கையில் சயாம் காசு இருந்தவர்கள் வாங்கித் தின்று எழுந்து நடந்தார்கள், இல்லாதவர்கள் படுத்தவர்கள் படுத்தபடியே இருந்தார்கள் என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வேலைதான்: உங்கள் கையில் சயாம் காசு சேர வேண்டும்.

அது லேசாக இல்லை அப்பா. நம் கெடா மாநிலத்தையே சயாமுக்குக் கொடுத்துவிட்டதாக இங்கே அறிவித்துவிட்டார்கள். அப்படியானால் நீங்கள் இருப்பதும் சயாம், நாங்கள் இருப்பதும் சயாம். ஆனாலும் வாழைமரப் படம் போட்ட எங்கள் ஜப்பான் நோட்டு உங்களிடம் வந்தால் யாரும் சீந்துவதில்லை. சுங்கை பட்டாணியில் நோட்டு மாற்றுகிற ஒருவர் பாதிக்குமேல் பிடித்துக்கொள்வேன் என்றார். வடக்கே ஆள் ஏற்றிப் போகும் மண்டோர் ஒருவர், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் பாதி தனக்கு வேண்டும் என்றும் கேட்டார். மீதிப் பாதி உங்களிடம் வந்து சேரும் என்பதற்கு அவர் முகத்தைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அம்மா அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் கருவாட்டுக் கடை ஷம்சுதீன் பாயிடம் போனோம். அவருடைய மைத்துனர் அய்யூப், அங்கே உங்கள் பக்கத்துக் காஞ்சனபுரி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இங்கிருந்து கூடைகளில் கருவாடு போகிறது, வெறும் கூடைகள் திரும்பி வருகின்றன. அம்மா நோட்டை எடுத்து நீட்டியதும் பாய் கையை ஆட்டிவிட்டார்.

“நோட்டு வேணாம் தங்கச்சி. இன்னிக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. நெல்லு இருந்தா குடு. இங்க நான் வாங்கிக்கிறேன், அங்க அய்யூப் உன் வீட்டுக்காரருக்குச் சயாம் பாட் காசாவே குடுத்துருவான்.”

காசு எல்லையைத் தாண்டவே வேண்டியதில்லை! இங்கே நெல்லாக நிற்கிறது, அங்கே பாட் காசாக எழுந்துவிடுகிறது. இதைப் போலத் தெளிவான ஒன்றை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நெல்லுக்காக யான் என்ற ஊருக்குப் போனோம். அங்கே தீமா மக்சிக் என்ற மலாய்க்கார அம்மாள் வயலில் அம்மா அறுவடை முடியும் வரை அறுத்தார். நான் கதிர் கட்டினேன். கூலி நெல்லாகவே கிடைத்தது. வழியில் நெல்லைக் கண்டால் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதால், மரவள்ளித் தழைக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையில் சுமந்து வந்தோம். அதில் ஒரு பிடி கூட நாங்கள் சமைக்கவில்லை. எங்களுக்குக் கிழங்கு இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றார் அம்மா.

பணம் கேட்டு வருவது நீங்கள்தான் என்று அய்யூப் அறிய ஓர் அடையாளம் வேண்டுமே. அது வேகவைத்தாலும் கெடக் கூடாது, திருடனுக்கும் ஆசை வரக் கூடாது. யோசித்து யோசித்து, நம் வீட்டுப் பின்புறத்து மரத்தின் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் காய்ச்சிய ஊசியால் என் கையாலேயே ஒரு சின்ன மயில் சுட்டேன். மாதிரிக்கு ஒன்று பாயின் கூடையில் முன்பே போய்விட்டது. மற்ற ஆறையும் கறுப்புக் கயிற்றில் கோத்து டிரஸரிடமே கொடுத்திருக்கிறோம். அரைஞாணோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும்போதும் அவிழ்க்காத கயிற்றை யாரும் டிரம்மில் போட மாட்டார்கள். கடைக்குப் போக முடியாவிட்டால் டிரஸரிடம் ஒரு கொட்டையைக் கொடுத்தனுப்பினாலும் போதும். கொட்டையை வாங்கிக்கொண்டு அய்யூப் ஆறில் ஒரு பங்கு காசு கொடுப்பார்; கொட்டையை வெறும் கூடையில் போட்டுப் பாய்க்கு அனுப்பிவிடுவார்.

பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா இதைப் பார்த்து, “பிள்ளைங்க பாண்டி ஆடுற கொட்டைக்கு எவன்லா காசு குடுப்பான்? உங்கம்மாவுக்குத்தான் புத்தி போச்சுன்னா, படிச்ச உனக்குமா?” என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். மறுநாள் கிணற்றடியில் தனியாக வந்து, முந்தானையை அவிழ்த்துத் தன் வீட்டு மரத்துக் கொட்டைகளைக் காட்டினார். அங்கே முகாமில் இருக்கும் அவர் கணவர் ராமையா மாமாவுக்கு என்ன படம் சுடலாம் என்று கேட்டார். மீன் சுட்டுக் கொடுத்தேன்.

இனி எனக்கும் அம்மாவுக்கும் நடந்த வழக்கு. அய்யூப் ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் தன் கூலியாக ஒரு பாட் பிடித்துக்கொள்வார். ஆகையால் ஆறு கொட்டையையும் சேர்த்துக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டால், கூலி ஒரு முறைதான் போகும். இதைத் தரையில் கரியால் எழுதியே காட்டினேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒரு கொட்டைதான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஐந்து பாட் வீணாகப் போகிறதே, அது எத்தனை முட்டை என்று நான் விடாமல் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்:

“உன் கணக்கு சரிதான் பிரேமா. எல்லாத்தையும் ஒரே தடவையில வாங்கிட்டா, அடுத்த மாசம் கூடையில எனக்கு என்ன வரும்?”

நான் தரையைத் துடைத்துவிட்டேன்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னேனே, இதையும் எழுதுகிறேன். அம்மாசி மாமா உங்களைக் கடைசியாகப் பார்த்தது மழைக்கு முன்னால். அப்போது உங்களுக்குக் காய்ச்சல் இருந்தது என்றார். வேறு முகாமுக்குக் கொண்டுபோன பிறகு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. லயத்தில் சிலர் சில விதமாகப் பேசுகிறார்கள். அம்மா அதைக் காதில் வாங்குவதில்லை. அடுத்த அறுவடைக்கும் வருவதாகத் தீமா மக்சிக்கிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். கருவாட்டுக் கூடை வரும் நாளெல்லாம் பாய் கடை வாசலில் நிற்போம் என்றும் சொல்லியிருக்கிறார். கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கும் வேலை எனக்கு.

அதனால் அப்பா, நடக்க முடியாவிட்டாலும், அங்கே எதுவும் தேவை இல்லாவிட்டாலும், ஒரு கொட்டையை மட்டும் எப்படியாவது கொடுத்துவிடுங்கள். காசு குறைந்தாலும் பரவாயில்லை. வயிறாரச் சாப்பிடுங்கள். முனியாண்டி சாமி உங்கள் கூடவே நிற்கட்டும். ஆறும் தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம், மரத்தில் கொட்டை நிறைய இருக்கிறது. ஊசியும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பாதம் பணியும் மகள்,
அ. பிரேமாவதி

அம்மா தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று கேட்டு, இந்த ஒரு வாரமாக என்னிடம் கற்றுக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுத்துத்தான்.

மருதம்மாள்

கடைசி எழுத்து கோணியிருந்தால் அது அவர் குற்றம் இல்லை. டிரஸரின் ஆஸ்பத்திரி மேசையில் வைத்து இருட்டில் எழுதுகிறோம்; மின்சார எஞ்சினை நிறுத்தி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.