குளியலறைக்கு மேல் ட்ரோன்

பாரிவாக்கம், ஞாயிறு இரவு.

காலையில் நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கூரை கிடையாது. அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு ட்ரோன் வந்து நின்றிருக்கிறது. பக்கத்து மனையை விளம்பரத்துக்குப் படம் பிடிக்க வந்தவன் விட்டது. நானாக இருந்தால் உள்ளே உட்கார்ந்து அழுதிருப்பேன். அண்ணி ஈரத்தலையோடு நேராக அவனிடம் போனாங்க. நானும் பின்னாலேயே ஓடினேன். யாரைக் கேட்டு எங்க வீட்டுக்கு மேல விட்டாய் என்று கேட்டாங்க.

"மேல பறக்கறதுக்கு உங்கள இன்னாத்துக்குக் கேக்கணும்க்கா? ஊடு கீழதான கீது?" என்றான்.

"ஊடு என்னுது. உள்ள குளிச்சது நானு. எடுத்தத காட்டு."

அண்ணியின் குரல் உயரவே இல்லை. சுற்றி நின்ற ஆண்களை விலகச் சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்து, தன் கையாலேயே அழிச்சாங்க. வேறெங்காவது பதிந்திருக்குமோ என்று எனக்குத்தான் பயம் போகவில்லை.

சாயங்காலம் அண்ணன், தகர ஷீட் போட்டு மூடிவிடலாம் என்றான்.

"எவனோ எட்டிப் பாத்தான்னு நான் எதுக்கு மூடணும்? வானத்தப் பாத்துகினு குளிக்கறது எனக்குப் புடிக்கும்," என்று சொல்லிட்டாங்க அண்ணி.

நான் இன்றைக்கு அங்கே குளிக்கவில்லை. நாளைக்கு அங்கேயே குளிக்கப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.