வெள்ளிக்கிழமைச் சத்தம்

நெடுங்கேணி,
சனிக்கிழமை.

அன்பின் இஞ்சேருங்கோ,

நானும் மகளும் சுகம். கட்டார் வெயிலுக்குள் நிற்கிற உங்களையும் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். கடிதத்தைக் கண்டு பதறாதீர்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. றவூப் நானாவின் மகன் அஸ்வர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். இந்தக் கடிதத்தோடு பயத்தம் பணியாரமும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள், ஒளித்துத் தின்ன வேண்டாம்.

மகளுக்கு முதல் பல் முளைத்ததற்கு நேற்றுப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். உங்கள் அக்கா நேசமலர் மச்சாள்தான் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டினா. பிறகு தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் வைத்து அவளைத் தவழ விட்டோம். நேரே புத்தகத்துக்குத்தான் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உங்கள் அழைப்பு வந்தது. மச்சாள் போனைச் சத்தமாகப் போட்டா. நீங்கள் சந்தோசமாகத்தான், என்ரை குஞ்சு எங்கை என்று கேட்டீர்கள். புத்தகத்தில் வைத்த அவள் கை அப்படியே நின்றது. உதடு பிதுங்கியது. திரும்பித் தவழ்ந்து வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகம் பழகாத பிள்ளை, வெக்கப்படுது என்று மச்சாள் சிரித்தா. அவள் உங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லையே! குரலுக்குத்தான் பயந்தாள்.

ஒவ்வொரு வெள்ளியும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதானே சண்டை பிடிக்கிறோம். இன்னும் இரண்டு வருசம் நிற்கப்போறன் என்று நீங்கள் கத்த, உடனே வாங்கோ என்று நான் கத்த, பச்சைப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று இருந்துவிட்டோம். போன மாதம் நிறை பார்த்த மருத்துவமாது, இந்த வயதில் வாய் ஓயாமல் மழலை பேச வேணுமே, வீட்டிலை சத்தம் கூடவோ என்று கேட்டா. நான் கதையை மாற்றிவிட்டேன்.

தண்ணீரூற்றில் வாடகைக்கு இருந்த காலம் ஞாபகமா? வயலால் வந்து, கால் கழுவ முதலே என் வயிற்றுக்குக் கிட்டக் குனிந்து, குஞ்சு, இண்டைக்கு அப்பா நெல்லுத் தின்ன வந்த மயிலைக் கலைச்சனான் என்று சொல்லுவீர்கள். உங்கள் குரலுக்கு அவள் உள்ளே துள்ளுவாள். எனக்கோ பொறாமை! அப்போதும் சண்டை பிடித்தோம்தான். ஆனால் கோபித்துக்கொண்டு சைக்கிளில் போகிற மனுசன், சந்தியில் வடை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். அந்த மனுசனைத்தான் எனக்குத் தேடுது.

வருகிற வெள்ளி எடுக்கும்போது என்னோடு கதைக்க வேண்டாம். அவளோடு மட்டும் கதையுங்கள். என்ன கறி காய்ச்சினீர்கள் என்று சொன்னாலே போதும். எனக்கு வைத்திருக்கிற ஏச்சையெல்லாம் எழுதி அனுப்புங்கள். நானும் எழுதுவேன், ஒன்றும் குறைக்க மாட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரிய இன்னும் நாலைந்து வருசம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிடுவோம், என்னப்பா.

சண்டை பிடிக்கவும் உங்களை விட்டால் ஆருமில்லாத,
தர்சினி.