எம்புட்டு வருசம் நடப்போம், மதினி?

மதினி,

இன்று காலை வீட்டுக் குளியலறையில் ஈரச் சிமெண்ட் வாடை. கொத்தனார் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்துவிட்டுப் போயிருக்கிறார். "ரெண்டு நாளைக்குப் பிடிக்காதீக, காயட்டும்" என்றார். பிடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தம்பி வீடென்று எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் எல்லோரும் அம்மனைப் பார்க்க, நீங்கள் வயசானவர்களின் காலைப் பார்த்தீர்கள். "அங்கன பாரு, அந்தம்மாவுக்கு எம்பது இருக்கும், தானா நடந்து வருது. நம்ம மேலவீட்டு அக்கா அறுபதுலயே படுக்கை. எம்புட்டு வயசு இருந்தாகன்னுதான் எல்லாரும் கேக்காக. எம்புட்டு வருசம் நடமாடுனாகன்னு ஒருத்தரும் கேக்கல பாரேன்." பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் தரையில் சம்மணம் போட்ட நம் முட்டிகளைத் தட்டிச் சிரித்தீர்கள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில்கூட முகத்தைப் பார்க்கும் முன்னே காலைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் கம்பியை முதலில் கேட்டதும் நீங்கள்தான். "பிடிக்க ஒண்ணு இருந்தாத் தேவலத்தா." அப்போது என் மகளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். நோயாளி இருக்கிற வீடென்று நினைத்துவிடுவார்கள் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். "அதுவும் சரிதான்" என்றீர்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தக் குளியலறையிலேயே வழுக்கி விழுந்தீர்கள்.

அப்புறம் நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன், வீட்டுக்கே வந்துபோன நர்ஸ். நான்கு வருஷம் உயிரோடு இருந்தீர்கள். ஒருநாளும் வாசல்வரை போகவில்லை. விழுந்த பிறகு அவ்வளவு செலவழித்த எங்களுக்கு, விழும் முன்பு ஒரு கம்பி வாங்க ஏன் மனசு வரவில்லை? நீங்கள் இருந்தால் இதை விடாமல் குடைந்திருப்பீர்கள். தப்பு என்னுடையது, அது மட்டும் தெரியும்.

போன வாரம் டாக்டரிடம் நானே கேட்டேன். "எம்புட்டு நாள் இருப்பேன்னு கேக்கல சார். எம்புட்டு நாள் நடப்பேன்?" அவர் சிரிக்கவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். ஐந்து முறை எழுந்தேன். ஆறாவதில் முட்டி மறுத்துவிட்டது. "தினமும் இதச் செய்ங்கம்மா, கால்ல பலம் வரும்" என்றார். இதற்குக் காசே வேண்டாமே என்று ஆச்சரியப்பட்டேன்.

நேற்று ஒன்பது முறை எழுந்தேன், மதினி. எழும் ஒவ்வொரு முறையும் உங்களை நினைத்து வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுகிறேன்.